வேன் கூலிங் சிஸ்டத்தில் ஏர் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேனில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) மாற்றினாலும் சரி, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு), ரேடியேட்டர் ஓஸ் என்று எதைக் கழற்றி மாட்டினாலும் சரி, கடைசியில் உள்ளே புகுந்த காற்றை எப்படி வெளியே எடுப்பது என்ற கேள்வியில்தான் எல்லோரும் வந்து நிற்கிறார்கள். இந்த வேலையைப் பல வருடமாகச் சொந்த வண்டியில் நானே செய்துவருகிறேன், ஆரம்பத்தில் சில முறை தப்பாகவும் செய்திருக்கிறேன். வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். வண்டிக்கு வண்டி விவரம் மாறும். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் ஒன்று சொல்லி, நான் வேறொன்று சொல்வதாகத் தெரிந்தால் மேனுவல் சொல்வதையே செய்யுங்கள்.

கூலன்ட் ஊற்றினேன், டேங்க் நிறைந்துவிட்டது. அப்புறம் எப்படி உள்ளே ஏர் இருக்கும்?

டேங்க் நிறைந்தால் டேங்க் மட்டும்தான் நிறைந்திருக்கிறது, சிஸ்டம் நிறைந்ததா என்பது வேறு விஷயம். கூலன்ட் கீழே இறங்க வேண்டுமென்றால் அங்கே இருக்கும் காற்று மேலே வந்து வெளியேற வேண்டும். அதற்கு வழி இல்லாத இடத்தில் காற்று அப்படியே தங்கிவிடும், கூலன்டும் அதற்கு மேல் இறங்காது.

இதைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த நம்பகமான வழி லிட்டரை அளப்பதுதான். வடித்த கூலன்டை அளவு போட்ட வாளியில் பிடித்து, எத்தனை லிட்டர் என்று எழுதி வையுங்கள். 9 லிட்டர் வடித்தீர்கள், திரும்ப ஊற்றும்போது 6 லிட்டரிலேயே டேங்க் நிறைந்துவிட்டது என்றால், மீதி 3 லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் காற்று இருக்கிறது. அந்தக் கணக்கு நேராகும்வரை வேலை முடியவில்லை. கீழே நான் சொல்லும் எல்லாமே இந்த மீதி லிட்டரை உள்ளே இறக்குவதற்கான வழிகள்தான்.

கொஞ்சம் காற்று இருந்தால் என்ன கெட்டுவிடப்போகிறது?

இன்ஜினே போகலாம். தண்ணீரோடு ஒப்பிட்டால் காற்று வெப்பத்தைக் கடத்தும் திறன் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. சிலிண்டர் ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள இடம்தான் இன்ஜினில் அதிகம் கொதிக்கும் இடம். அங்கே ஒரு குமிழி தங்கிவிட்டால் அந்த இடத்து உலோகத்திலிருந்து சூட்டை எடுத்துப்போக ஆள் இல்லை. பக்கத்தில் இருக்கும் கூலன்ட் கொதித்து நீராவியாகும். தண்ணீர் நீராவியானால் சாதாரண அழுத்தத்தில் 1,600 மடங்குக்கு மேல் விரியும், அதனால் சின்னக் குமிழி பெரிய குமிழியாகி மேலும் கூலன்டை வெளியே தள்ளும். ஹெட் வளைவது, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போவது எல்லாம் இதற்கு அப்புறம் வருபவை.

இன்னொன்றும் இருக்கிறது. வாட்டர் பம்ப் சுழன்று தள்ளும் வகையைச் சேர்ந்தது, திரவத்தைத் தள்ளும், காற்றைத் தள்ளாது. பம்புக்குள்ளேயே காற்று சிக்கிவிட்டால் பம்ப் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், கூலன்ட் நின்ற இடத்திலேயே நிற்கும்.

டெம்பரேச்சர் முள் நார்மலில்தான் இருக்கிறது. அப்படியானால் பயமில்லைதானே?

முள்ளை மட்டும் நம்பாதீர்கள். டெம்பரேச்சர் சென்சார் கூலன்டில் மூழ்கி இருந்தால்தான் சரியான அளவைக் காட்டும். சென்சார் இருக்கும் இடத்தில் காற்றுப் பை இருந்தால், இன்ஜின் உள்ளே கொதிக்கும்போதும் முள் நடுவிலோ அதற்குக் கீழோ நிற்கலாம். திடீரென்று மேலே ஏறி, அடுத்த நிமிடம் கீழே இறங்கி, திரும்ப ஏறும் முள் இருக்கிறதே, அது சென்சாரை ஒரு முறை காற்றும் ஒரு முறை கூலன்டும் தொட்டுப்போவதால் வருவது. அதைப் பார்த்தால் வண்டியை மேலே ஓட்டாதீர்கள்.

வேறு என்ன அறிகுறிகள்?

இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வருவதுதான் முதல் அறிகுறி. ஐடிலில் குளிர்ந்த காற்று, ஆக்ஸிலேட்டர் மிதித்தால் மட்டும் சூடான காற்று என்று மாறி மாறி வந்தாலும் அதே கதைதான். டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து பாட்டிலில் தண்ணீர் ஊற்றுவதுபோல் களகள சத்தம் கேட்கும். மேல் ரேடியேட்டர் ஓஸ் கொதிக்கும், கீழ் ஓஸ் சில்லென்று இருக்கும். ஆனால் தெர்மோஸ்டாட் திறக்காமல் மாட்டிக்கொண்டாலும் இதே நிலைதான் வரும், அதனால் இது ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

காருக்கு இவ்வளவு பாடு இல்லையே, வேனுக்கு மட்டும் ஏன்?

பல கார்களில் இன்ஜின், ரேடியேட்டர், ஹீட்டர் மூன்றும் பானெட்டுக்கு அடியிலும் அதை ஒட்டியும் கிட்டக்கிட்ட இருக்கின்றன. கூலன்ட் ஊற்றும் வாயின் மூடி இருக்கும் இடமே பெரும்பாலும் உயரமான இடமாக இருந்துவிடும், காற்று தானாக அங்கே வந்து சேரும். வேனில் அந்த அமைப்பு கிடையாது. டிரைவர் சீட்டுக்கு அடியில் இன்ஜின் வைத்த வேன்களில் ரேடியேட்டர் முன்னால் தாழ்வாகவும், ஹீட்டர் டேஷ்போர்டுக்குள் அதைவிட உயரத்திலும் இருக்கும். மூடி இவற்றுக்கு நடுவில் எங்கேயோ இருக்கும். பின் சீட்டுக்காரர்களுக்குத் தனி ஹீட்டர் இருந்தால் தரைக்கு அடியில் ஓடும் நீளமான இரண்டு பைப்புகளும் சேர்ந்துகொள்ளும்.

இதன் உச்சம் ஃபோக்ஸ்வாகன் டி3. 1979-இல் வந்த இந்த வேனில் இன்ஜின் பின்னால், ரேடியேட்டர் முன்னால். 1982 கடைசியில் பெட்ரோல் இன்ஜினும் காற்றில் குளிர்வதிலிருந்து கூலன்டுக்கு மாறியபோது, கூலன்ட் வண்டியின் முழு நீளத்துக்கும் தரைக்கு அடியில் போய்த் திரும்ப வேண்டியதாயிற்று. சிஸ்டம் சுமார் 16 லிட்டர் பிடிக்கும். அதன் மேனுவலிலேயே முன்பக்கத்தை ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் தூக்கி வைத்து, ரேடியேட்டர் உச்சியிலுள்ள ஸ்க்ரூவைத் திறந்துதான் ஏர் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஏன் தூக்கச் சொன்னார்கள் என்று யோசித்துப் பார்த்தால் எந்த வேனுக்கும் வழி தெரிந்துவிடும்: ஸ்க்ரூ இருக்கும் இடத்தை எல்லாவற்றையும்விட உயரமான இடமாக்குகிறார்கள், காற்று அங்கே தேடி வந்து சேருகிறது.

சரி, என் வேனில் காற்று எங்கே தங்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஓஸையும் முதலிலிருந்து கடைசிவரை கண்ணால் பின்தொடருங்கள். எங்கே மேலே ஏறித் திரும்பக் கீழே இறங்குகிறதோ அந்த வளைவு ஒவ்வொன்றும் காற்று தங்கும் இடம். ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஓஸ்கள், தெர்மோஸ்டாட் உட்கார்ந்திருக்கும் கூடு, ரேடியேட்டரின் மேல் மூலை, பின் ஹீட்டர், டர்போ உள்ள டீசல் வண்டியானால் டர்போவுக்குப் போகும் கூலன்ட் பைப், ஈஜிஆர் கூலர் (இன்ஜினுக்குத் திரும்பப் போகும் எக்ஸாஸ்ட் வாயுவைக் குளிர்விப்பது). இந்த வளைவுகளில் எதிலாவது சின்ன ஸ்க்ரூவோ நிப்பிளோ இருந்தால் அது ஏர் எடுப்பதற்கென்றே வைத்தது, ப்ளீட் ஸ்க்ரூ என்பது அதைத்தான். ஒரு காகிதத்தில் கோடு போட்டு வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். கால் மணி நேர வேலை, ஆனால் இதைச் செய்யாதவர்கள்தான் பாதி நாளைத் தொலைக்கிறார்கள். இரண்டு ஸ்க்ரூ இருக்கிற வண்டியில் ஒன்றை மட்டும் திறந்துவிட்டு, காற்று ஏன் போகவில்லை என்று தவித்த நாள் எனக்கும் உண்டு.

தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதாதா?

அவசரத்துக்கு ஊற்றலாம், அப்படியே விட்டுவிடக் கூடாது. வெறும் தண்ணீரில் துரு வரும், உப்பு படியும், 0 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்து இன்ஜின் பிளாக்கையே பிளக்கும். எத்திலீன் கிளைக்கால் பாதி, டிமினரலைஸ்டு தண்ணீர் பாதி என்ற கலவை சுமார் மைனஸ் 37 டிகிரி செல்சியஸ்வரை தாங்கும், மூடி போட்டு அழுத்தம் ஏற்றாமலேயே 107 டிகிரி அளவில்தான் கொதிக்கும். ரெடிமேடாகக் கலந்து வரும் கூலன்டானால் மேலும் தண்ணீர் சேர்க்க வேண்டாம்.

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, ஊதா என்பதெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் சாயம்தான். உங்கள் மேனுவலில் எந்தத் தரம் என்று போட்டிருக்கிறதோ அது டப்பாவின் பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். வகை மாற்றி ஊற்றினால் துருத் தடுப்பு கெடும், சில சமயம் கூழ்போல் திரண்டு ஹீட்டரை அடைக்கும்.

முழு வேலையையும் வரிசையாகச் சொல்லுங்கள்.

இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும், கை வைத்தால் சூடே தெரியக் கூடாது. வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள், ஏனென்றால் நீண்ட நேரம் இன்ஜின் ஓடப்போகிறது, மூடிய ஷெட்டில் புகை உயிரை எடுக்கும். மூடி இருக்கும் பக்கமோ ப்ளீட் ஸ்க்ரூ இருக்கும் பக்கமோ உயரமாக இருக்கும்படி சரிவில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள்.

இப்போது ஹீட்டரை முழுச் சூட்டுக்குத் திருப்புங்கள், முன்னாலும் பின்னாலும். எலெக்ட்ரிக் வால்வு வைத்த வண்டியில் இக்னிஷன் ஆன் செய்தால்தான் வால்வு நகரும். ஹீட்டர் பேனைக் குறைந்த வேகத்தில் விடுங்கள், காற்று சூடாக வருகிறதா என்று அப்புறம் பார்க்க அது போதும். ப்ளீட் ஸ்க்ரூக்கள் எல்லாவற்றையும் திறந்துவிட்டு ஊற்றத் தொடங்குங்கள்.

மெதுவாக ஊற்றுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு இடத்தில் அவசரப்பட்டால் பின்னால் எவ்வளவு நேரம் செலவழித்தாலும் ஈடாகாது. ஒரு லிட்டர் இறங்க ஒரு நிமிடத்துக்கு மேலேயே ஆகட்டும். வேகமாக ஊற்றினால் வரும் கூலன்டே காற்றின் வழியை அடைத்துக்கொள்ளும். ஊற்றும்போதே இடையிடையே பெரிய ஓஸ்களைக் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள், மேலே குமிழி வருவதும் மட்டம் சட்டென்று இறங்குவதும் தெரியும். ஒவ்வொரு ஸ்க்ரூவிலிருந்தும் குமிழி இல்லாமல் நூல் பிடித்ததுபோல் கூலன்ட் வந்ததும் அதை மூடுங்கள். தாழ்வாக இருப்பதை முதலில் மூட வேண்டிவரும், உயரத்தில் இருப்பதைக் கடைசியில். பிளாஸ்டிக் ஸ்க்ரூவை ஸ்க்ரூடிரைவரால் முறுக்கித் தள்ளாதீர்கள், தலை கையோடு வந்துவிடும். வாஷர் அமர்ந்ததும் நிறுத்துங்கள்.

இந்த இடத்தில் ஒரு முறை லிட்டர் கணக்கைப் பாருங்கள். வடித்ததில் பெரும்பகுதி உள்ளே போயிருந்தால் நல்லது. போகவில்லை என்றால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் ஓஸ்களை இன்னும் கொஞ்ச நேரம் அமுக்குங்கள், பத்து நிமிடம் காத்திருங்கள், வண்டியின் சரிவை மாற்றிப் பாருங்கள்.

அப்புறம் மூடி திறந்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். மட்டம் உடனே இறங்கினால் ஊற்றிக்கொண்டே இருங்கள், டேங்க் காலியாகி பம்ப் காற்றை உறிஞ்ச விடாதீர்கள். சில நிமிடம் ஐடிலில் ஓடியதும், இன்னொருவரை ஆக்ஸிலேட்டரை மெதுவாக மிதித்து 1,500 முதல் 2,000 ஆர்பிஎம் வரை பிடிக்கச் சொல்லுங்கள். பம்ப் வேகமாகச் சுற்றும்போது நகராமல் கிடந்த குமிழிகள் நகரும். முகத்தை மூடிக்கு நேராகக் கொண்டுபோகாதீர்கள், குமிழி வெடித்துச் சூடான கூலன்ட் மேலே எகிறும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

பல வண்டிகளில் 82 முதல் 90 டிகிரிக்குள் தெர்மோஸ்டாட் திறக்கும். திறந்ததும் மட்டம் ஒரேயடியாக இறங்கும், அதுவரை குளிர்ந்திருந்த ரேடியேட்டர் பக்கமும் சூடாகும். தயாராக வைத்திருக்கும் கூலன்டை ஊற்றி நிரப்புங்கள். குமிழி வருவது நின்று, ஹீட்டரில் ஐடிலிலேயே நல்ல சூடான காற்று வந்தால் மூடியைப் போடுங்கள். ரேடியேட்டர் பேன் ஓடி நின்று, இன்னொரு முறை ஓடி நிற்கும்வரை விடுங்கள். பிறகு ஆஃப் செய்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள், முடிந்தால் ராத்திரி முழுக்க. காலையில் குளிர்ந்த இன்ஜினில் மட்டம் பார்த்து, மின், மேக்ஸ் கோடுகளுக்கு நடுவில் இருக்கும்படி ஊற்றுங்கள்.

ப்ளீட் ஸ்க்ரூவே இல்லாத வண்டிக்கு?

மூடி இருக்கும் இடத்தையே உயரமாக்கிவிட வேண்டும். கழுத்தில் இறுக்கமாக உட்காரும் அகலமான புனல் ஒன்று இதற்கென்றே கிடைக்கிறது, அதைப் பொருத்திப் பாதிவரை கூலன்ட் நிரப்பிவிட்டால் சிஸ்டத்திலேயே உயரமான இடம் அதுதான். இன்ஜின் ஓடும்போது குமிழிகள் அதில் வந்து உடைவதைக் கண்ணால் பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான், ஏனென்றால் காற்று வெளியேறுவதும் லிட்டர் இறங்குவதும் ஒரே இடத்தில் தெரியும்.

ஹீட்டர் ஓஸ் மூடியைவிட உயரத்தில் இருந்தால், குளிர்ந்த இன்ஜினில் அந்த ஓஸை நிப்பிளிலிருந்து பாதி மட்டும் இழுத்து, காற்று சீறி முடிந்து கூலன்ட் வந்ததும் திரும்பத் தள்ளி கிளிப் போடலாம். பழைய வண்டியில் ஓஸ் ஒட்டிப்போயிருக்கும், முரட்டுத்தனமாக இழுத்தால் ஹீட்டர் பைப்பே உடையும், அதனால் முதலில் மெதுவாகத் திருகிப் பாருங்கள்.

ஜாக்கி வைத்துத் தூக்கலாமா?

தூக்கலாம், ஆனால் தூக்கிய பிறகு ஸ்டாண்டு வைக்காமல் அடியில் தலை கொடுக்காதீர்கள். பக்கத்தில் சரிவான பாதை இருந்தால் அதில் ஏற்றி நிறுத்துவதே எளிது, பாதுகாப்பும் அதிகம். எந்தப் பக்கத்தைத் தூக்குவது என்பது உங்கள் வண்டியின் மூடியும் ஸ்க்ரூவும் எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. எல்லா வேனுக்கும் முன்பக்கம்தான் என்று நினைத்துப் பின்னால் டேங்க் உள்ள வண்டியில் முன்னால் ஸ்க்ரூவும் இல்லாமல் மூக்கைத் தூக்கி வைத்தால், காற்று முன்னால் போய் அடைந்துகொள்ளும்.

பின் ஹீட்டர் உள்ள வண்டியில் ஏதாவது தனியாகச் செய்ய வேண்டுமா?

ஆமாம், பலர் மறப்பது இதைத்தான். முன் ஹீட்டர் நன்றாக வேலை செய்யும், முள் அசையாமல் நிற்கும், எல்லாம் முடிந்தது என்று நினைப்போம். சில நாள் கழித்துப் பின்னால் உட்கார்ந்தவர் கேட்டதும் பின் ஹீட்டரைத் திருகுவோம், இதுவரை மூடிக் கிடந்த பைப்பிலிருந்து ஒரு பெரிய குமிழி மொத்தமாகக் கிளம்பி இன்ஜினுக்குள் வரும். என் வண்டியில் இது நடந்தது ஓடிக்கொண்டிருக்கும்போது. முள் சிவப்புவரை போனது, ஓரம் கட்டி ஆஃப் செய்ததால் ஹெட் தப்பியது.

அதனால் ஏர் எடுக்கும் நேரம் முழுக்கப் பின் ஹீட்டர் வால்வு திறந்தே இருக்கட்டும். முன் ஹீட்டர் சூடானதும் பின்னால் போய்க் கை வைத்துப் பாருங்கள். வால்வு பல வருடம் திருப்பாமல் இறுகிப்போயிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பின் ஹீட்டருக்குப் போகும் நீளமான பைப் நடுவில் வளைந்து தாழ்ந்து இருப்பதால் அங்கே காற்று நகர ஆர்பிஎம் வேண்டும், ஐடிலில் எவ்வளவு நேரம் விட்டாலும் நகராமல் போகலாம்.

தெர்மோஸ்டாட்டில் ஆடிக்கொண்டிருக்கும் குட்டி ஊசி எதற்கு?

மூடியிருக்கும் தெர்மோஸ்டாட்டைத் தாண்டிக் காற்று மேலே போவதற்கு வைத்த வழி அது. தெர்மோஸ்டாட் நிமிர்ந்து நிற்கும் வண்டிகளில் ஊசி உச்சியில், கடிகாரத்தில் 12 இருக்கும் இடத்தில் வரும்படி மாட்டுங்கள், மேனுவல் வேறு இடம் சொன்னால் அந்த இடத்தில். கீழே பார்த்து மாட்டினால் அந்த ஓட்டை கூலன்டுக்குள் மூழ்கிவிடும், காற்றுக்குப் பயன்படாது.

ரேடியேட்டர் பேன் ஓடவே இல்லை, ஆனால் இன்ஜின் கொதிக்கிறது.

பேனுக்கான சுவிட்ச் ரேடியேட்டரிலேயே இருக்கும் வண்டியானால், சூடான கூலன்ட் அங்கே வந்து சேரவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள், ஆனால் பேனிலிருந்து கையைத் தள்ளியே வையுங்கள், சில வண்டிகளில் இக்னிஷன் ஆஃப் ஆன பிறகும் பேன் தானாகச் சுற்றும். ரேடியேட்டர் சில்லென்று இருந்தால் ஏர் லாக்கோ தெர்மோஸ்டாட்டோ. ரேடியேட்டர் கொதித்தும் பேன் சுற்றவில்லை என்றால் பியூஸ், ரிலே, சுவிட்ச், பேன் மோட்டார் பக்கம் பாருங்கள், அது வேறு பிரச்சினை.

வேக்கம் போட்டு நிரப்பும் கருவி நல்லதா?

நல்லது, நீளமான பைப் உள்ள வேனுக்கு அதைவிடச் சுத்தமான வழி இல்லை. கம்ப்ரஸர் காற்றை வைத்து சிஸ்டத்துக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிடும், மீட்டர் மைனஸ் 0.8, 0.9 பார் அளவுக்குப் போகும், ஓஸ்கள் தட்டையாக ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் சில நிமிடம் விட்டுப் பாருங்கள், முள் நகராமல் நின்றால் லீக் இல்லை என்பதும் கூடவே தெரிந்துவிடும். பிறகு வால்வைத் திறந்தால் கூலன்ட் தானாக உள்ளே பாயும். கருவியின் குழாயில் முதலில் கூலன்ட் நிரப்பிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் குழாயில் இருக்கும் காற்றும் சேர்ந்து உள்ளே போகும். ஊற்றும் பாத்திரத்தில் தேவைக்கு மேலேயே கூலன்ட் இருக்கட்டும், நடுவில் தீர்ந்தால் காற்றை இழுத்துவிடும்.

ரொம்பப் பழைய, உப்பிய ஓஸ்கள் இருந்தால் இந்தக் கருவியைப் போடுவதற்கு முன் அவற்றை மாற்றுங்கள்.

ஓட்ட ஓட்டக் காற்று தானாகப் போய்விடாதா?

கொஞ்சம் போகும். எக்ஸ்பான்ஷன் டேங்குக்கு (சூட்டில் விரியும் கூலன்டுக்கு இடம் கொடுக்கும் டேங்க்) சின்ன ஓஸ் ஒன்று ஹெட்டிலிருந்தோ ரேடியேட்டரிலிருந்தோ வரும், சின்னச் சின்னக் குமிழிகளை அது கொண்டுவந்து சேர்த்துவிடும். அதனால்தான் வேலை முடிந்து முதல் இரண்டு மூன்று பயணங்களுக்குப் பிறகு மட்டம் கொஞ்சம் இறங்கும், அது சாதாரணம். அரை லிட்டர், ஒரு லிட்டர் காற்றைத் தானாகப் போகும் என்று விட்டு நெடுந்தூரம் கிளம்பாதீர்கள். அந்தச் சின்ன ஓஸ் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது டேங்கில் அதன் வாயிலிருந்து கூலன்ட் மெல்லிய தாரையாக விழ வேண்டும்.

டேங்கில் மட்டும் ஊற்றினால் போதுமா, ரேடியேட்டர் மூடியையும் திறக்க வேண்டுமா?

உங்கள் வண்டி எந்த வகை என்று பாருங்கள். டேங்கின் மூடியிலேயே அழுத்த வால்வு இருந்தால் அது எக்ஸ்பான்ஷன் டேங்க், அங்கேயே ஊற்றலாம். ரேடியேட்டரிலோ சீட்டுக்கு அடியில் தனியாக நிற்கும் கழுத்திலோ அழுத்த மூடி இருந்து, பிளாஸ்டிக் பாட்டிலின் மூடி சும்மா சாதாரண மூடியாக இருந்தால், அந்தப் பாட்டில் வழிந்ததைப் பிடித்து வைக்க மட்டும்தான். காலியான சிஸ்டத்தை அந்தப் பாட்டில் வழியாக நிரப்பவே முடியாது, அழுத்த மூடி இருக்கும் கழுத்தில்தான் ஊற்ற வேண்டும்.

மூடியைப் பற்றி இன்னொரு விஷயம்: அதன் ரப்பர் கெட்டுப்போனாலும் காற்று வரும். பல மூடிகள் 1 பார் அளவு அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரியில்தான் கொதிக்கும். மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் சீக்கிரம் கொதித்து வழியும். பாட்டில் வகையில், குளிரும்போது வழிந்த கூலன்டைத் திரும்ப இழுக்க வேண்டிய சின்ன வால்வு கெட்டால், கூலன்டுக்குப் பதில் காற்றை இழுக்கும். எல்லாம் சரியாகச் செய்தும் வாராவாரம் கொஞ்சம் காற்று சேருகிறது என்றால் முதலில் மூடியை மாற்றிப் பாருங்கள்.

மூன்று முறை எடுத்துவிட்டேன், குமிழி நிற்கவே இல்லை.

அப்படியானால் நீங்கள் எடுப்பது பழைய காற்று இல்லை, புதிதாக உள்ளே வந்துகொண்டிருக்கும் வாயு. ஹெட் கேஸ்கெட் கசிந்தாலோ ஹெட் விரிசல் விட்டிருந்தாலோ சிலிண்டரில் எரியும் வாயு கூலன்டுக்குள் வரும். சில டீசல் வண்டிகளில் ஈஜிஆர் கூலர் வெடித்தாலும் எக்ஸாஸ்ட் வாயு இதேபோல் வரும், அதனால் ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் அதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஓஸ் கல்போல் இறுகினால் சந்தேகப்படுங்கள், சூடாகாமல் அவ்வளவு சீக்கிரம் அழுத்தம் வரக் காரணமில்லை. ஆக்ஸிலேட்டர் மிதிக்க மிதிக்கக் குமிழி அதிகமாவது, சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை நிற்காமல் வருவது, ஆயில் மூடிக்கு அடியில் பால்போல் படிவது எல்லாம் அதே திசையைக் காட்டும். உறுதிப்படுத்த நீல நிறத் திரவம் வைத்துச் சோதிக்கும் கிட் இருக்கிறது. டேங்கின் வாயில் வைத்து வாயுவை அதன் வழியாக இழுத்தால், எரிந்த வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும். மாறிவிட்டால் ஏர் எடுப்பதை நிறுத்திவிட்டு நல்ல மெக்கானிக்கிடம் போங்கள். லீக்கை அடைக்கும் பவுடர் எதையும் ஊற்றாதீர்கள், கேஸ்கெட்டை அடைக்கிறதோ இல்லையோ ஹீட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும்.

சூடாக இருக்கும்போது மூடியைக் கொஞ்சமாகத் திறந்து பார்க்கலாமா?

கூடாது. துணி வைத்துத் திறந்தாலும் கூடாது. 100 டிகிரிக்கு மேல் திரவமாக நின்றுகொண்டிருப்பது அந்த அழுத்தத்தால்தான், திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். மூடி போட்டு ஓடிய சூடான சிஸ்டத்தில் ப்ளீட் ஸ்க்ரூவுக்கும் இதே விதிதான்.

பாதி வழியில் சூடேறினால்?

ஏசியை ஆஃப் செய்து, ஹீட்டரை முழுச் சூட்டில் முழு வேகத்தில் வைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். ஹீட்டரில் கொதிக்கும் காற்று வந்தால் கூலன்ட் இன்னும் சுற்றுகிறது, சூடு கொஞ்சம் குறையும். குளிர்ந்த காற்று வந்தால் சுற்றவில்லை, ஒரு நிமிடம்கூட ஓட விடாமல் ஆஃப் செய்யுங்கள். காய்ந்து கிடக்கும் சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், ஹெட் விரிசல் விடும். முழுக்க ஆறும்வரை காத்திருப்பது எரிச்சலாக இருக்கும், இருந்தாலும் காத்திருங்கள்.

எலெக்ட்ரிக் வாட்டர் பம்ப் உள்ள புது வேனில் நானே செய்யலாமா?

பம்பை ஸ்கேனர் மூலம் ஓடவைத்துத்தான் பல வண்டிகளில் ஏர் எடுக்க முடியும். ஹைபிரிட், எலெக்ட்ரிக் வேன்களில் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் தனித்தனிக் கூலன்ட் சுற்றுகள் இருக்கலாம், உயர் வோல்டேஜ் பாகங்கள் பக்கத்திலேயே இருக்கும். இதை அந்த வண்டிக்கான பயிற்சி உள்ளவரிடம் விடுங்கள்.

கீழே கொட்டிய கூலன்டை என்ன செய்வது?

உடனே தண்ணீர் விட்டுத் துணியால் துடைத்தெடுங்கள், வடித்ததை மூடிய கேனில் வையுங்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகும். குழந்தைகள் விளையாடும் இடமானால் இன்னும் கவனம். சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள், பழைய ஆயில் வாங்கும் இடங்களில் கூலன்டையும் தனியாக வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள்.

எல்லாம் முடிந்தது என்று எப்போது நிம்மதியாக இருக்கலாம்?

வடித்த லிட்டரும் ஊற்றிய லிட்டரும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஐடிலில் முன் ஹீட்டரும் பின் ஹீட்டரும் சூடாக ஊத வேண்டும், களகள சத்தம் கேட்கக் கூடாது. அப்புறம் பக்கத்திலேயே, நடந்து வீடு திரும்பக்கூடிய தூரத்துக்குள், ஒரு அரை மணி நேரம் ஓட்டுங்கள், அதில் ஒரு மேடும் இருந்தால் நல்லது. ராத்திரி ஆறவிட்டு, காலையில் மட்டம் பாருங்கள், குறைந்திருந்தால் எவ்வளவு ஊற்றினீர்கள் என்று அந்தக் காகிதத்திலேயே எழுதுங்கள். சூட்டில் கூலன்ட் நாலைந்து சதவீதம் விரியும் என்பதால் எப்போதும் குளிர்ந்த நிலையிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் நாள் 300 மில்லி, அடுத்த நாள் 100, மூன்றாம் நாள் ஒன்றுமில்லை என்று வந்தால் காற்று போய்விட்டது. நாலாவது நாளும் அதே 300 மில்லி கேட்டால் எங்கேயோ கசிகிறது, ஓஸ் கிளிப்புகளிலிருந்து தேடத் தொடங்குங்கள்.